பின் ஆக்சிலுக்குள் போன வெள்ளை மாவு

போன மாதம் பெண்ணாடத்திலிருந்து செந்தில் என்கிற மெக்கானிக் போன் செய்தார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "உங்களத் தெரியாதவங்க யாருண்ணே இருக்காங்க" என்றார். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பால்காரருக்கே என் பெயர் சரியாகத் தெரியாது. ஐஸ் வைக்கிறார், ஏதோ காரியம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

"பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒண்ணு வந்திருக்குதுண்ணே. கரும்புக் காட்டுல ஓடுற வண்டி. பின்னாடி ஆக்சிலத் தூக்கிட்டுப் பெரிய ஆக்சில் போடுறேன். கிரவுன் பினியன் செட்டிங்குக்கு வெள்ளைக் களிமண்ணு பூசிப் பாக்கலாம்னு வாட்ஸ்அப்புல ஓடுது. தனபால் அண்ணன் கண்டுபிடிச்சதுன்னு போட்டிருக்காங்க. நெசமாண்ணே?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. அதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, கலியபெருமாள் சார். அதில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. அது என்னுடைய முட்டாள்தனம். அதை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் போடவில்லை. அன்று செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தது, லாரி பட்டறையில் மூன்று வருடம் நட்டு கழுவியது, பிறகு கடலூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தது எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கலியபெருமாள் சார். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனால் நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியர் மாதிரி நடப்பார். யாரையும் 'டா' போட்டுப் பேசியதில்லை. சாதாரணமாக 'வாங்க, போங்க'. கோபம் வந்தால் மரியாதை கூடும். "தாங்கள் செய்த வேலையைச் சற்றுப் பார்க்கலாமா?" என்று செந்தமிழில் ஆரம்பித்தால் ஒர்க்‌ஷாப்பே கப்சிப் ஆகிவிடும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கியர்பாக்ஸோ ஆக்சிலோ எதைத் திறந்து வேலை பார்த்தாலும், மூடும் முன் அந்த வேலையைச் செய்யாத இன்னொருவர் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. யாராக இருந்தாலும் சரி. "நீங்க வச்சத நீங்களே தேடுனா உங்க கண்ணுக்குத் தெரியாது" என்பார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் டீ கொண்டு வந்த பெரியவர் ஒரு கியர்பாக்ஸுக்குள் கையை விட்டு, "இது உங்களுதா பாருங்க" என்று ஒரு போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளைக் களியும் அவருடைய யோசனைதான். கிரவுன், பினியன் என்கிற இரண்டு பல்சக்கரங்களும் சரியான இடத்தில் கடிக்கின்றனவா என்று பார்க்க, பல்லில் ஏதாவது சாயத்தைப் பூசிச் சுற்றிப் பார்ப்பார்கள். இப்போது அதற்கென்று டியூபில் பசை விற்கிறது. அப்போது எங்களுக்குக் கிடைத்த சிவப்புப் பொடி பாதி நேரம் கறுப்பு இரும்பில் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பீங்கான் யூனிட். அங்கே தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காயவைத்த வெள்ளைக் களிமண் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசுவார் சார். கிரவுனைச் சுற்றினால் பல் கடித்த இடம் மட்டும் கறுப்பாகத் துடைத்துக்கொண்டு நிற்கும். நடுப் பல்லில் விழுந்தால் சரி. அடியிலோ நுனியிலோ விழுந்தால் திரும்பப் பிரித்து, பினியனுக்குப் பின்னால் மெல்லிய தகடுகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். வேலை முடிந்ததும் டீசலில் மூன்று முறை கழுவுவோம். அந்தக் களி துளி மிஞ்சினாலும் எதையும் கெடுக்காது. அவ்வளவு மென்மை.

இனி சாதிக் பாய் விஷயத்துக்கு வருகிறேன். மங்கலம்பேட்டைக்காரர். மஸ்கட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை வாங்கி ஓட்டினார். பீங்கானுக்குக் களிமண் வெட்டும் குழியில் மழைக்காலத்தில் மற்ற வண்டிகள் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, அவருடைய வண்டி மட்டும் முனகிக்கொண்டே மேலே வந்துவிடும். ஒருநாள் லோடோடு குழியிலிருந்து ஏறும்போது பின்பக்க ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்தது. அந்தப் பழைய ஆக்சிலில் சக்கரம் ஷாஃப்டின் நுனியிலேயே மாட்டியிருக்கும். ஷாஃப்ட் ஒடிந்ததும் சக்கரம் தனியாகக் கழன்று குழிக்குள் உருண்டு போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை.

"அல்லா காப்பாத்துனான் மேஸ்திரி. ஒவ்வொரு தடவையும் அவனுக்கே வேல வைக்கக் கூடாதில்ல? நல்ல ஆக்சிலாப் போட்டுக் குடுங்க. இனிமே மலைக்குப் போற வேல வந்திருக்குது" என்றார் பாய்.

மலை என்றால் கல்வராயன் மலை. அங்கே புதிதாக மின்கம்பம் நடும் வேலை. கம்பங்களில் மாட்டும் பீங்கான்களும், அவற்றை மாட்டும் ஆட்களும் அவருடைய வண்டியில் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. அதனால்தான் பெரிய ஆக்சில்.

திருச்சிப் பக்கம் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து ஒன்றைக் கொண்டு வந்தோம். அதில் வண்டியின் பாரம் முழுவதையும் வெளிக்கூடு தாங்கும். ஷாஃப்டுக்குச் சக்கரத்தைச் சுற்றுவது மட்டும்தான் வேலை. ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் கழலாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே எட்டு போல்ட்டைக் கழற்றி, ஷாஃப்டை மட்டும் வெளியே உருவலாம். இந்தக் கடைசி வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் சார் என்னைச் சாக்பீஸ் எடுக்கச் சொன்னார். சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதற்குள், கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். வண்டியின் முன் ஆக்சிலில் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கொண்டு வந்த ஆக்சிலில் ஐந்து சுற்றுகூட வரவில்லை. இப்படி மாறியிருந்தால் சேற்றில் தெரியாது. கெட்டித் தரையில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது முன்னது ஒரு கணக்கு, பின்னது ஒரு கணக்கு. நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கதையாக உடைந்துபோகும். ஆகவே முன்னதற்குப் பொருந்தும் கிரவுன் பினியனைத் தேடி வாங்கிப் போட்டோம். ஸ்பிரிங் உட்காரும் இடத்தை மாற்றிப் பற்றவைத்தோம். ப்ரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கினோம். எல்லாம் சுத்தமாக முடிந்து, பல் கடிப்பைப் பார்ப்பது மட்டும் மிச்சம் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. கலியபெருமாள் சார் கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலையிலேயே சாதிக் பாய் வந்து நின்றார். பீங்கான் ஏற்றத் தயாராக இருக்கிறது, கம்ப வேலை ஆட்கள் நான்கு பேர் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறார்கள். களி டப்பாவைத் திறந்தேன். காலி. பக்கத்து யூனிட்டுக்கு ஓடினேன். எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கதவோரம் ஒரு அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளையாக மாவு இருந்தது. கிண்ணத்தோடு எடுத்து வந்தேன்.

குழைத்துப் பூசிச் சுற்றினால், கடிப்பு நடுப் பல்லில் அச்சு வைத்தாற்போல் விழுந்தது. முதல் தடவையிலேயே! என் கை ராசியை நானே மெச்சிக்கொண்டேன். அந்தத் திமிரில் டீசலில் ஒரே ஒரு முறை கழுவினேன். வேறு யாரையும் கூப்பிட்டுக் கை விடச் சொல்லவில்லை. மூடி போட்டு, ஆயில் ஊற்றி, "தைரியமாப் போங்க பாய்" என்றேன். பதினொரு மணிவாக்கில் நான்கு ஆட்களும் வைக்கோலுக்கு நடுவில் அடுக்கிய பீங்கான்களோடு பின்னால் உட்கார்ந்து போனார்கள். கையை வேறு ஆட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் பக்கத்து யூனிட் வசந்தா வந்தார். பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு கலப்பவர். "எங் கிண்ணத்த யாருங்க எடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நான் குழைத்து வைத்திருந்த மிச்சத்தைப் பார்த்துவிட்டு விரலால் தொட்டார்.

"இத எதுக்குங்க எடுத்தீங்க?"

"களிதானே வசந்தா? எப்பவும் எடுக்கறதுதானே."

"களியா? வெங்கச்சங்கல் மாவுங்க இது. பூச்சுக்கு அரைச்சு வச்சிருந்தேன். பல்லுல வச்சுப் பாருங்க தெரியும்."

முன்பல்லில் வைத்துக் கடித்தேன். நறநறவென்றது. பீங்கான் வேலை செய்பவர்கள் மண்ணைப் பல்லில் வைத்துத்தான் சோதிப்பார்கள். கண்ணை ஏமாற்றலாம், பல்லை ஏமாற்ற முடியாது. வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ் கல் இரும்பையே கீறும். அந்த மாவு ஆயிலில் கலந்து பேரிங்குக்குள் போனால் அரைத்துத் தள்ளிவிடும். இன்றைக்கே அரைக்கலாம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் அரைக்கலாம். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. மலை இறக்கத்தில் பினியன் பேரிங் இறுகிப் பிடித்தால் பின் சக்கரங்கள் இரண்டும் நின்றுவிடும். அந்த வளைவுகளில், பின்னால் நான்கு பேரோடு.

பாய்க்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். சாருக்குப் போட்டேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார். சொன்னேன். மூன்று கேள்வி கேட்டார்.

"எத்தன தடவ கழுவுனீங்க?"

"ஒரு தடவ சார்."

"கை விட்டுப் பாத்தது யாரு?"

"யாரும் இல்ல சார்."

பிறகு, "தாங்கள் இன்றைக்கு என்ன கிழமை என்று கவனித்தீர்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை. அப்போதுதான் உறைத்தது. பாய் எங்கே இருந்தாலும் ஜும்ஆத் தொழுகையை விடமாட்டார். போகும் வழியில் சின்னசேலத்தில் பள்ளிவாசல். உள்ளே போகும்போது போனை அணைத்திருக்கிறார். தொழுகை முடியும்வரை வண்டி நகராது. அப்பாடா என்று அன்றைக்கு முதல் முறையாக மூச்சு விட்டேன். ஆனால் அதற்குள் யாராவது அங்கே போய் நிறுத்த வேண்டும். எனக்கோ அறுபது கிலோமீட்டர் தூரம்.

மங்கலம்பேட்டையில் பாயின் தம்பி கடைக்குப் போட்டேன். அவரும் ஜும்ஆவில். எனக்குத் தெரிந்த அந்த ஊர் ஆண்கள் எல்லோருடைய போனும் அணைந்திருந்தது. கடைசியில் பாயின் வீட்டு நம்பருக்குப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். முழுவதும் சொல்லி முடிக்கும் முன்பே, "வைங்க. எங்க மைனி, அவரு அக்கா வூடு சின்னசேலத்துல பள்ளிவாச தெருவுலதான் இருக்குது" என்று போனை வைத்துவிட்டார்.

டீசல் கேன், புது ஆயில், பேக்கிங் பேப்பர், ஸ்பேனர் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று கணக்கு இல்லை. எந்த மதம் என்றும் பார்க்கவில்லை.

சின்னசேலத்தில் பள்ளிவாசல் தெருவுக்குள் திரும்பியதும் வண்டி தெரிந்தது. அதன் முன் பம்பரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் சேர். சேரில் பாயின் அக்கா உட்கார்ந்திருந்தார். தொழுகை முடியும் முன்பே வந்து, சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர். தம்பி வந்து என்ன சொன்னாலும் நகரவில்லையாம். "நீங்கதான் மேஸ்திரியா? இந்தாங்க உங்க வண்டி" என்று சேரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தம்மா காலில் விழலாம் போல இருந்தது. பின்னால் கலியபெருமாள் சார், பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

சாதிக் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த நான்கு ஆட்களைப் பார்த்தார். அவர்கள் பாயின் அக்கா கொடுத்தனுப்பிய பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க நாலு பேரும் அது மேலதான் உக்காந்து வந்தாங்க மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலையை ஆரம்பித்தேன். அந்த ஆக்சிலின் வசதி அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. சக்கரத்தைக் கழற்றாமல், தெருவிலேயே இரண்டு ஷாஃப்டையும் உருவிவிட்டேன். பின்மூடியைத் திறந்து ஆயிலைத் தட்டில் வடித்தேன். தட்டின் அடியில் மெல்லிய வெள்ளை வண்டல். டார்ச் அடித்து ஒவ்வொரு பேரிங்காகச் சுற்றிப் பார்த்தேன். கீறல் இல்லை. நான் அழுதுவிட்டேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை. டீசல் ஊற்றிக் கழுவினேன். மூன்றாம் முறையிலும் வண்டல். நான்காம் முறை இல்லை. ஐந்தாம் முறையும் கழுவினேன்.

சார் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே விரலை விட்டு, மூலை முடுக்கெல்லாம் துழாவி, முன்பல்லில் வைத்துக் கடித்துத் துப்பினார். பிறகு, "நாம ரெண்டு பேரு பாத்தா பத்தாது. பாய், நீங்க வாங்க. ஓட்டப் போறவர் பாக்கணும்" என்றார்.

சாதிக் பாய் குனிந்து விரலை விட்டார். பல்லில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"ருசி சகிக்கல. ஆனா நறநறப்பு இல்ல" என்றார்.

ஆட்களில் ஒருவர், "இப்படி பிரியாணி கெடைக்கும்னா அடிக்கடி மாவ மாத்திப் பூசுங்க மேஸ்திரி" என்றதும் சாரே சிரித்துவிட்டார்.

மூடி, ஆயில் ஊற்றினேன். "நானும் கூட வரேன் பாய்" என்றேன். முன் கதவைத் திறக்கப் போன என்னைச் சார் தடுத்தார். "முன்னாடி வேணாம் தனபால். பின்னாடி உக்காருங்க. ஆக்சிலுக்கு நேரா." நியாயம்தான். வைக்கோலுக்கும் பீங்கானுக்கும் நடுவில், அந்த நான்கு பேரோடு உட்கார்ந்து மலை ஏறினேன். தளத்தில் உள்ளங்கையை ஊன்றி, ஒவ்வொரு வளைவிலும் அடியிலிருந்து வரும் அதிர்வைக் கேட்டேன். சீராக இருந்தது. லோடை இறக்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கீழே வந்தோம். சமதரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஆக்சில் கூட்டின்மேல் கை வைத்தேன். இதமான சூடு. கையை எடுக்கவே மனசில்லை.

பேரிங்குகளை அடுத்த வாரமே, கீறல் இல்லாமலே, புதிதாக மாற்றிக் கொடுத்தேன். சார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வசந்தாதான் விடவில்லை. களி வேண்டுமென்றால் அவரே கொண்டு வந்து, என் எதிரில் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்.

இவ்வளவையும் செந்திலிடம் சொல்லி முடித்தேன்.

"செந்தில்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே." குரல் இறங்கியிருந்தது. "களி பூசிப் பாத்து, மூடியும் போட்டுட்டேண்ணே. வண்டிக்காரரு வெளிய நிக்கறாரு. கடிப்பு நல்லா விழுந்திருக்குது, சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான்…"

அந்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்து எதிரில் உட்கார்ந்தது.

"களி எங்க வாங்குனீங்க?"

"விருத்தாசலம் யூனிட்டுலதாண்ணே. கேட்டுத்தான் வாங்குனேன்."

"மிச்சம் இருக்குதா? பல்லுல வைங்க."

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. டப்பா மூடி திறந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வழுவழுன்னு இருக்குதுண்ணே. மாவு மாதிரி கரையுது."

"நீங்க சொன்னாப் பத்தாது. வேற யாரு இருக்காங்க அங்க?"

"சம்சாரம் சாப்பாடு கொண்டாந்திருக்குது."

"அவங்ககிட்டக் குடுங்க. வண்டிக்காரரயும் உள்ள கூப்புடுங்க. மூடியத் தெறந்து, மூணு பேரும் கைய விடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போல்ட் ஒவ்வொன்றாகத் தளர்வது கேட்டது. பத்து போல்ட். எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு ஒரு பெண் குரல், கொஞ்சம் தயக்கத்தோடு, கொஞ்சம் அருவருப்போடு:

"ஒண்ணும் நறநறங்கலீங்க. எண்ணெ மட்டுந்தான் கசக்குது."

"மூடச் சொல்லுங்கம்மா" என்றேன். சொல்லிவிட்டுத்தான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.